இரண்டாவது சேசிஸைச் செருகியதும் கணினி ஏன் திணறுகிறது? பல எக்ஸ்பான்ஷன் சேசிஸ்களை இணைப்பதன் பின்னணி

கூடுதல் கார்டுகளை வைக்கும் வெளிப்பெட்டியான எக்ஸ்பான்ஷன் சேசிஸ் ஒன்றைக் கணினியோடு இணைப்பது பெரும்பாலும் தலைவலி இல்லாத வேலை. இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்க்கும்போதுதான் விவகாரம் ஆரம்பிக்கிறது. கணினி தொடக்கத் திரையிலேயே நின்றுவிடும். அல்லது இயங்கும், ஆனால் கடைசிப் பெட்டியில் உள்ள கார்டுகள் மட்டும் கண்ணில் படாது. அல்லது எல்லாம் தெரியும், வேகம் மட்டும் பாதியாகிவிடும். கேபிளை மாற்றி, கார்டை மாற்றி, கடைசியில் சேசிஸையே மாற்றிப் பார்த்தும் பலன் இருக்காது. பல சமயம் கோளாறு பெட்டியிலேயே இல்லை. ஹோஸ்ட், அதாவது சேசிஸ்களை இணைக்கும் கணினி, தொடங்கும்போது போடும் கணக்கில் இருக்கிறது.

"ஒரு கணினியில் எத்தனை சேசிஸ் இணைக்கலாம்?" என்ற கேள்விக்கு யாரும் ஒரே எண்ணைச் சொல்ல முடியாததற்கும் இதுதான் காரணம். கணினிக்கு சேசிஸ் என்று ஒரு பொருளே தெரியாது. அது பார்ப்பது இணைப்புகளையும் அவற்றின் முனையில் உள்ள கார்டுகளையும் மட்டும்தான். எத்தனை பெட்டி என்பதை விட, அந்தப் பெட்டிகள் ஹோஸ்ட்டிடம் எவ்வளவு கேட்கின்றன என்பதே முக்கியம்.

## அடிப்படைச் சொற்கள்

இங்கே பேசப்படுவது முக்கியமாக பிசிஐ எக்ஸ்பிரஸ் சேசிஸ். சுருக்கமாக பிசிஐஇ. கணினிக்குள் இடமில்லாத கார்டுகளைத் தனி மின்சப்ளையோடு வெளியே ஒரு பெட்டியில் வைத்து, கேபிள் வழியே கணினியோடு சேர்ப்பதுதான் இதன் வேலை.

ஹோஸ்ட் கார்டு: கணினியின் ஸ்லாட்டில் செருகும் கார்டு. உள்ளே ஓடும் சிக்னலைக் கேபிளுக்குக் கொண்டுவருகிறது.

லேன்: அனுப்ப ஒரு ஜோடி, பெற ஒரு ஜோடி கம்பி கொண்ட ஒரு பாதை. ஓர் இணைப்பில் 1, 4, 8, 16 என்று லேன்கள் இருக்கும். மூன்றாம் தலைமுறை பிசிஐஇ-யில் ஒரு லேன், ஒரு திசையில் நொடிக்கு ஏறத்தாழ 985 எம்பி கடத்தும். நான்காம் தலைமுறையில் அது இரண்டு மடங்கு, ஐந்தாம் தலைமுறையில் நான்கு மடங்கு.

ஸ்விட்ச்: சேசிஸின் மூளை. ஹோஸ்ட்டை நோக்கி ஒரு மேல் போர்ட், கார்டுகளை நோக்கிப் பல கீழ் போர்ட்டுகள். ஒரு கேபிளில் வருவதை எட்டு ஸ்லாட்டுக்குப் பிரித்துக் கொடுப்பது இந்தச் சிப்தான்.

பயாஸ்: கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் மென்பொருள். இப்போதைய கணினிகளில் இருப்பது யூஎஃபி. ஆனாலும் பழக்கத்தில் எல்லோரும் பயாஸ் என்றே சொல்கிறார்கள், இங்கேயும் அப்படியே.

## கணினி பார்ப்பது ஒரே மரத்தை

பிசிஐஇ என்பது மர வடிவ அமைப்பு. வேர் பிராசசரில் இருக்கிறது, கிளை பிரியும் இடம் ஒவ்வொன்றும் ஒரு ஸ்விட்ச், இலைகள்தான் கார்டுகள். சேசிஸ் ஒன்றைச் சேர்ப்பது இந்த மரத்தில் இன்னொரு கிளையை ஒட்டுவதுதான். ஒரு சேசிஸுக்கு வேரிலிருந்து இரண்டு வழி போகக் கூடாது. பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று கடைசிப் பெட்டியிலிருந்து இன்னொரு கேபிளைக் கணினிக்கே திருப்பிவிடுவதை நெட்வொர்க் பழக்கம் உள்ளவர்கள் சில சமயம் செய்கிறார்கள். பிசிஐஇ-யில் அந்த வளையத்துக்கு அர்த்தமே இல்லை.

கணினி ஆன் ஆனதும் பயாஸ் இந்த மரத்தை வேரிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கிளையையும் நுனி வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி, அடுத்த கிளைக்குப் போகிறது. போகும் வழியில் இரண்டு விஷயங்களைக் கணக்கிட்டு ஒதுக்குகிறது: பஸ் எண், முகவரி இடம். சேசிஸ் கூடும்போது முதலில் திணறுவது இந்த இரண்டும்தான்.

## பஸ் எண்கள்: 256-க்குள் அடங்க வேண்டும்

பிசிஐஇ-யில் ஒவ்வொரு இணைப்பும் ஒரு பஸ். அதற்கு ஓர் எண் வேண்டும். பஸ் எண்ணுக்கு விதியில் ஒதுக்கியிருப்பது 8 பிட், அதாவது மொத்தம் 256 எண்கள். கேட்பதற்கு ஏராளமாகத் தெரியும். எட்டு ஸ்லாட் உள்ள ஒரு சேசிஸை எடுத்துக்கொள்வோம். உள்ளே ஒரு ஸ்விட்ச், அடுத்த சேசிஸுக்குப் போக ஒரு கூடுதல் போர்ட்.

1. ஹோஸ்ட்டிலிருந்து ஸ்விட்சுக்கு வரும் கேபிள் இணைப்பு: 1 எண்.
2. ஸ்விட்சின் உள்ளேயே இருக்கும் உள் பஸ்: 1 எண்.
3. எட்டு ஸ்லாட்டுகள்: 8 எண்கள். ஸ்லாட் காலியாக இருந்தாலும் அந்தப் போர்ட்டுக்கு ஓர் எண் வழக்கமாகப் போய்விடும்.

ஆக, ஒரு சேசிஸுக்கு 10. இதுபோல் மூன்றை வரிசையாகக் கோத்தால் 30. கடைசிப் பெட்டியில் பயன்படாமல் நிற்கும் வெளி போர்ட்டுக்கு 1. மொத்தம் 31.

சரி, இதில் என்ன பிரச்சினை? கார்டுகளைப் பார்க்க வேண்டும். சில கார்டுகளில் சொந்தமாகவே ஒரு ஸ்விட்ச் இருக்கும். நான்கு கீழ் போர்ட் உள்ள கார்டு என்றால், உள் பஸ்ஸுக்கு 1, போர்ட்டுகளுக்கு 4 என்று கூடுதலாக 5 எண்கள் கேட்கும். 24 ஸ்லாட்டிலும் அப்படிப்பட்ட கார்டு என்றால் 120 கூடுகிறது. 31 இப்போது 151 ஆகிவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதே கார்டைக் கழற்றி மாட்டும் வசதி ஸ்லாட்டில் இருந்தால், பின்னால் எந்தக் கார்டு வருமோ என்று பயாஸ் ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் சில எண்களை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பதும் உண்டு. ஸ்லாட்டுக்கு 8 என்று வைத்தால், வெறும் பெட்டிகளே 199 எண்களை விழுங்கிவிடும்.

மீதி 57 இருக்கிறதே என்று நிம்மதி அடைய முடியாது. மதர்போர்டின் சொந்தச் சாதனங்களுக்கும் இதிலிருந்துதான் எண் போக வேண்டும். பல சர்வர்களில் இந்த 256-ஐ பிராசசர்களுக்கு இடையே, ஒரே பிராசசருக்குள் பல வேர்களுக்கு இடையே முன்பே பங்கிட்டு வைத்திருப்பார்கள். உங்கள் சேசிஸ் தொங்கும் வேருக்கு 64 எண்கள்தான் பங்கு என்றால், பக்கத்து வேரில் எத்தனை காலியாக இருந்தாலும் உதவாது. இத்தகைய இடத்தில் ஹோஸ்ட் கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினாலே பிரச்சினை தீர்ந்துவிடுவதுண்டு. பார்ப்பவர்களுக்கு அது மாயம் போலத் தெரியும். நடந்தது வேர் மாறியதுதான். மிகப் பெரிய சர்வர்களில் செக்மென்ட் என்ற பெயரில் 256 எண்கள் கொண்ட தொகுப்புகளே பல இருக்கும். மேசைக் கணினியில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

## முகவரி இடம்: 4 ஜிபி-க்குக் கீழே நெரிசல்

கார்டோடு பேச, பிராசசர் அதன் ரெஜிஸ்டர்கள் எனும் சிறு நினைவிடங்களையும் மெமரியையும் தன் முகவரிகளுக்குள் ஓர் இடத்தில் வைத்துப் பார்க்கிறது. ஒவ்வொரு கார்டும் எனக்கு இவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்கும். சிலது 64 கேபி கேட்கும், சில ஜிபியுக்கள் (கிராஃபிக்ஸ் கார்டுகள்) 32 ஜிபி கூடக் கேட்கும்.

ஸ்விட்சின் ஒவ்வொரு போர்ட்டும் தனக்குக் கீழே உள்ள முகவரிகளை மூன்று சன்னல்கள் வழியாக மட்டுமே கடத்தும்.

1. பழைய ஐ/ஓ சன்னல். மொத்தமே 64 கேபி. ஒரு போர்ட்டுக்குக் குறைந்தபட்சம் 4 கேபி கொடுக்க வேண்டும். ஆகவே 16 போர்ட்டுக்கு மேல் கொடுக்க வழியில்லை. நல்ல வேளையாக, இப்போதைய கார்டுகள் பெரும்பாலும் இது இல்லாமலே வேலை செய்துவிடும். ஐ/ஓ இடம் இல்லை என்று லினக்ஸ் புலம்பினால் பொதுவாகப் பதற வேண்டியதில்லை.
2. 32 பிட் மெமரி சன்னல். 4 ஜிபி எல்லைக்குக் கீழே மட்டும். குறைந்தபட்ச அளவு 1 எம்பி.
3. ப்ரீஃபெட்ச் சன்னல். 64 பிட் முகவரியும் எடுக்கும் என்பதால் 4 ஜிபி-க்கு மேலே எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம்.

நெரிசல் இரண்டாவது சன்னலில்தான். 4 ஜிபி-க்குக் கீழே ராம், பயாஸின் சொந்தத் தேவைகள் எல்லாம் போக, கார்டுகளுக்குப் பொதுவாக 1 அல்லது 2 ஜிபி-தான் மிஞ்சும். பிசிஐஇ அமைப்புத் தகவலுக்கு மட்டும், ஒரு பஸ்ஸுக்கு 1 எம்பி வீதம் 256 பஸ்ஸுக்கு 256 எம்பி போய்விடுகிறது. 64 எம்பி கேட்கும் 32 பிட் கார்டுகள் 24 இருந்தால் 1,536 எம்பி. ஒரு சேசிஸ் வரை இடம் போதும். மூன்றாவதில் கதவு மூடிவிடும்.

விண்டோஸில் இதன் அடையாளம் டிவைஸ் மேனேஜரில் வரும் 'கோட் 12'. தேவையான வளம் காலியாக இல்லை என்று பொருள். அதைக் கண்டதும் டிரைவரை மறுபடி நிறுவுவது வீண் வேலை.

செய்ய வேண்டியது பயாஸில் 'அபவ் 4ஜி டீகோடிங்' என்ற அமைப்பை ஆன் செய்வது. பெரிய இடம் கேட்கும் 64 பிட் கார்டுகள் மேலே போய்விடும், கீழே மற்றவற்றுக்கு இடம் கிடைக்கும். ஆனால் 32 பிட் மட்டுமே தெரிந்த பழைய கார்டுகளுக்கு இது நேரடியாக உதவாது. பயாஸ் சொதப்பிய ஒதுக்கீட்டை லினக்ஸ் தானே திருத்திப் பார்க்க, அதன் மையப் பகுதியான கர்னலில் 'ரீஅலோக்' என்ற அமைப்பும் உண்டு. முயன்று பார்க்கலாம். ஆனால் பயாஸ் போதிய இடத்தைத் திறந்துவிடாவிட்டால் அதுவும் கையை விரிக்கும்.

## ஸ்டாரா, டெய்சி செயினா?

பல சேசிஸ்களைக் கோர்க்க அடிப்படையில் இரண்டு வழிகள். ஒவ்வொரு சேசிஸுக்கும் கணினியில் தனி ஹோஸ்ட் கார்டு, தனி கேபிள் என்பது ஸ்டார். முதல் சேசிஸிலிருந்து இரண்டாவதுக்கு, அதிலிருந்து மூன்றாவதுக்கு என்று போவது டெய்சி செயின். முடிந்தால் ஸ்டார். ஹோஸ்ட்டில் ஸ்லாட் இல்லாதபோது மட்டும் செயின். என் கணிப்பில் இதற்கு விதிவிலக்குகள் குறைவு.

முதல் காரணம் பேண்ட்வித், அதாவது ஒரு நொடியில் கடத்தக்கூடிய தரவின் அளவு. மூன்றாம் தலைமுறை, 8 லேன் கேபிள் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 7.9 ஜிபி. ஸ்டாரில் மூன்று பெட்டிக்கும் தனித்தனியாக அவ்வளவு. செயினில் மூன்றும் சேர்ந்து அவ்வளவு. நொடிக்கு 3.5 ஜிபி படிக்கும் என்விஎம்இ டிரைவுகள் (பிசிஐஇ-யில் நேரடியாக இணையும் எஸ்எஸ்டி-கள்) மூன்று ஒரே நேரத்தில் ஓடினாலே முதல் கேபிள் நிரம்பிவிடும். ஆனால் நொடிக்குச் சில எம்பி மட்டும் அனுப்பும் அளவீட்டுக் கார்டுகள் 24 இருந்தாலும் ஒரு கேபிள் போதும். ஸ்லாட் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படாமல், ஒரே நேரத்தில் எது எது ஓடும் என்று பார்த்துக் கூட்டிப் போட வேண்டும்.

ஒரே ஸ்விட்சின் கீழ் உள்ள இரண்டு கார்டுகள் தங்களுக்குள் பேசிக்கொண்டால் அந்தப் போக்குவரத்து மேலே வர வேண்டிய தேவையில்லை. பாதுகாப்புக்காக எல்லாவற்றையும் வேர் வழியாகவே திருப்பிவிடும் ஏசிஎஸ் அமைப்பு ஆன் ஆகியிருந்தால் இந்த லாபம் போய்விடும். பல ஜிபியுக்களை ஒரு பெட்டியில் வைப்பவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது தாமதம். ஒரு ஸ்விட்சைத் தாண்ட ஏறத்தாழ 100 முதல் 150 நானோ நொடி. கார்டு தானாக மெமரிக்குத் தரவைத் தள்ளும்போது இது தெரியவே தெரியாது. ஆனால் பிராசசர் கார்டின் ஒரு ரெஜிஸ்டரைப் படிக்கும்போது, கேள்வி போய்ப் பதில் வரும் வரை காத்திருக்க வேண்டும். மூன்று ஸ்விட்ச் தாண்டிய கார்டில் போக ஒரு முறை, வர ஒரு முறை என்று 600 முதல் 900 நானோ நொடி ஒவ்வொரு படிப்புக்கும் கூடும். ஒரு ரெஜிஸ்டரையே ஓயாமல் படித்துக்கொண்டிருக்கும் பழைய டிரைவர்கள் இதில் நன்றாக அடி வாங்கும். அப்படிப்பட்ட கார்டை முதல் பெட்டியில் வையுங்கள்.

மூன்றாவது, கோளாறு பரவுவது. செயினில் முதல் பெட்டியின் மின்சாரம் போனால் பின்னால் உள்ள எல்லாமே போகும். காணாமல் போன கார்டை பிராசசர் படிக்க முயன்றால் பெரும்பாலும் எல்லா பிட்டும் 1 ஆகப் பதில் வரும். அதைப் பிழை என்று சோதித்துப் பார்க்காத டிரைவர், உண்மையான தரவு என்றே எடுத்துக்கொள்ளும். கணினி உறைந்து நின்றால்கூடப் பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். பொய்யான அளவீடு சத்தமில்லாமல் கோப்பில் ஏறுவதுதான் மோசம்.

ஸ்டாருக்குப் போகுமுன் ஹோஸ்ட்டின் லேன் கணக்கையும் பாருங்கள். 16 லேன் நீளமுள்ள ஸ்லாட்டில் உண்மையில் 4 லேன் மட்டுமே கம்பி இழுத்திருப்பது மேசைக் கணினி மதர்போர்டுகளில் சர்வசாதாரணம். சில ஸ்லாட்டுகள் பிராசசரோடு நேரடியாகச் சேராமல், மதர்போர்டில் உள்ள சிப்செட் என்ற துணைச் சிப் வழியே போகும். பெயருக்கு இரண்டு ஸ்லாட் இருந்தாலும் இரண்டும் சிப்செட்டின் கீழே இருந்தால், ஸ்டார் என்று நினைத்தது உள்ளுக்குள் ஒரே பாதையைத்தான் பகிர்கிறது. 16 லேன் ஸ்லாட்டை இரண்டு 8 ஆகப் பிரிக்கும் வசதி பயாஸில் இருந்தால், ஒரே ஸ்லாட்டிலிருந்து இரண்டு சேசிஸுக்குப் போகலாம்.

## கேபிள், கடிகாரம், எர்த்

செம்புக் கேபிளின் நீளம் சில மீட்டர்தான். வேகத் தலைமுறை ஏற ஏற அதுவும் குறையும். தூரம் வேண்டுமானால் ஆப்டிக்கல். ஒளி இழையில் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 5 நானோ நொடி ஆகும். 100 மீட்டர் என்றால் போய் வர 1 மைக்ரோ நொடி.

அதிகம் பேசப்படாதது கடிகாரம். பிசிஐஇ-யின் ஆதாரக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸ். மின்காந்த இரைச்சலைக் குறைக்கப் பல மதர்போர்டுகள் இதை 0.5 சதவீதம் வரை மெல்ல ஏற்றி இறக்கும். 'ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம்' என்பது இதுதான். ஹோஸ்ட்டின் கடிகாரம் கேபிள் வழியே சேசிஸுக்கும் போனால் இரண்டும் சேர்ந்தே ஆடும், தொல்லை இல்லை. சேசிஸ் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடினால் இரண்டுக்கும் இடையே அனுமதித்த வித்தியாசம் மிகச் சிறியது. 0.5 சதவீத ஆட்டம் அதைப் பல மடங்கு தாண்டிவிடும். இதைத் தாங்கும்படி வடிவமைக்காத சாதனங்களில் இணைப்பு வரும், போகும், பிழைகள் குவியும். பயாஸில் ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரத்தை ஆஃப் செய்து பார்ப்பதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும். கேபிளைக் குறை சொல்வதற்கு முன் அதைச் செய்துவிடலாம்.

அப்புறம் எர்த். செம்புக் கேபிளின் கவசம் இரண்டு பெட்டியின் உடலையும் சேர்த்துவிடுகிறது. ஒவ்வொன்றும் வேறு வேறு மின்சுற்றில் இருந்தால் எர்த் மட்டத்தின் வித்தியாசம் அந்தக் கவசம் வழியே ஓடும். எல்லாவற்றையும் ஒரே மின்பகிர்வுப் பலகையில் செருகுவது நல்லது. அது முடியாத தூரத்தில் ஆப்டிக்கல் கேபிள்.

அளவீட்டுச் சேசிஸ்களில் இன்னொரு கடிகாரச் சிக்கலும் உண்டு. தரவு ஒழுங்காக வருவது வேறு, இரண்டு பெட்டிகள் ஒரே நேரத்தில் அளப்பது வேறு. இரண்டு பெட்டியின் கடிகாரங்களுக்குள் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்து, நொடிக்குப் பத்து லட்சம் மாதிரிகள் எடுத்தால், ஒவ்வொரு நொடியும் ஒரு மாதிரி விலகும். ஒரு மணி நேரத்தில் 3,600. பிசிஐஇ கேபிள் இதைச் சரி செய்யாது. அளவீட்டுக் கருவிகளுக்கான பிஎக்ஸ்ஐ வகைப் பெட்டிகளில் பின்பலகையில் உள்ள 10 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை ஒரு பெட்டியிலிருந்து மற்றவற்றுக்குத் தனிக் கேபிளில் கொண்டுபோவது இதற்காகத்தான்.

## எதை முதலில் ஆன் செய்வது?

பயாஸ் மரத்தை எண்ணுவது ஒரே ஒரு முறை. அந்த நேரத்தில் தயாராக இல்லாத கிளை அதன் கணக்கில் வராது. எனவே:

1. ஹோஸ்ட்டிலிருந்து மிகத் தொலைவில் உள்ள சேசிஸில் தொடங்கி, எல்லாச் சேசிஸ்களையும் ஆன் செய்யுங்கள். கடைசியாகக் கணினி.
2. அணைக்கும்போது நேர்மாறு. கணினி முழுதாக நின்ற பிறகே சேசிஸ்.
3. கேபிள் வழியே ஹோஸ்ட்டின் மின்நிலையைப் பார்த்துத் தானே ஆன் ஆகும் சேசிஸ் என்றால், பயாஸில் வேகத் தொடக்கத்தை ஆஃப் செய்துவிடுங்கள். பெட்டி எழுந்திருக்கும் முன்பே கணினி எண்ணி முடித்துவிடக் கூடாது.

ஆளில்லாத அறையில் உள்ள கணினிக்கு இது கூடுதல் கவலை. மின்வெட்டு முடிந்து எல்லாம் ஒரே நேரத்தில் எழும்போது யார் முந்துவார்கள் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு சாக்கெட்டையும் வரிசைப்படி ஆன் செய்யும் மின்பகிர்வுக் கருவி இருந்தால் சங்கடமில்லை.

## பெயர்கள் நகர்ந்துவிடும்

எண்ணும் வரிசை கிளை கிளையாகப் போவதால், நடுவில் ஒரு சேசிஸ் சேர்த்தால் அதற்குப் பின் வரும் எல்லாவற்றின் பஸ் எண்ணும் மாறிவிடும். லினக்ஸில் நெட்வொர்க் போர்ட்டின் பெயர் பஸ் எண்ணை வைத்தே அமைவதுண்டு. நேற்று வரை ஒரு பெயரில் இருந்த போர்ட் இன்று வேறு பெயரில் நிற்கும், அதற்கு எழுதி வைத்த அமைப்புகள் செல்லாது. டிரைவுகளைச் சீரியல் எண்ணாலும், நெட்வொர்க் போர்ட்டுகளை அவற்றின் வன்பொருள் எண்ணான மேக் முகவரியாலும் அடையாளம் காட்டும்படி முன்பே மாற்றிவிட்டுப் புதிய சேசிஸைத் தொடுங்கள்.

## பிசிஐஇ அல்லாத சேசிஸ்கள்

தண்டர்போல்ட் பெட்டிகள் உள்ளே பிசிஐஇ-தான். ஒரு போர்ட்டில் ஆறு சாதனங்கள் வரை கோர்க்கலாம். ஆனால் தண்டர்போல்ட் 3-இன் 40 ஜிகாபிட் இணைப்பில் பிசிஐஇ-க்குக் கிடைப்பது அதிகபட்சம் 32 ஜிகாபிட், அதையும் எல்லாரும் பகிர வேண்டும்.

டிஸ்க் மட்டும் வைக்கும் எஸ்ஏஎஸ் பெட்டிகளின் கதை வேறு. டிஸ்குகளுக்குப் பஸ் எண் வேண்டாம். கணினிக்குத் தெரிவது கன்ட்ரோலர் கார்டு ஒன்றுதான். அதனால் நூற்றுக்கணக்கில் டிஸ்க் சேர்த்தாலும் பயாஸ் திணறாது. 12 ஜிகாபிட் வேகத்தில் நான்கு லேன் கேபிள் நொடிக்கு 4.8 ஜிபி கடத்தும். 250 எம்பி வேக டிஸ்குகள் 20 ஒரே நேரத்தில் படித்தால் அது நிரம்பிவிடும். இங்கே ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு வழி வைப்பது சட்டபூர்வமானது: முதல் வழி முதல் பெட்டியிலிருந்து கடைசிக்கும், இரண்டாவது வழி கடைசியிலிருந்து முதலுக்கும் போகும்படி கோர்த்தால், நடுப்பெட்டி போனாலும் மற்றவை நிற்காது.

## கார்டு தெரியவில்லை என்றால்

எல்லாவற்றையும் ஒரேயடியாக மாட்டிவிட்டுத் தேடுவதை விட, ஒவ்வொரு சேசிஸாகச் சேர்த்துப் பார்ப்பதே வேகமான வழி. தேடும் வரிசை இது:

1. சேசிஸின் இணைப்பு விளக்கு எரிகிறதா? இல்லையென்றால் கேபிள், மின்சாரம், ஆன் செய்த வரிசை, கடிகாரம்.
2. விளக்கு எரிகிறது. லினக்ஸின் எல்எஸ்பிசிஐ கட்டளையை மர வடிவில் ஓட்டினால் ஸ்விட்ச் தெரிகிறதா? இல்லையென்றால் பஸ் எண் தீர்ந்திருக்கலாம். ஹோஸ்ட் கார்டை வேறு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள்.
3. ஸ்விட்ச் தெரிகிறது, கார்டும் தெரிகிறது, வேலை மட்டும் செய்யவில்லை. முகவரி இடம்தான் முதல் சந்தேகம். கோட் 12-ஐயும் கர்னல் பதிவில் இடமில்லை என்று வரும் வரிகளையும் தேடுங்கள்.
4. வேலை செய்கிறது, மெதுவாக இருக்கிறது. அதே கட்டளையின் விரிவான வடிவில் ஒவ்வொரு இணைப்பின் லேன் எண்ணிக்கையும் வேகமும் இருக்கும். 8 லேன் இருக்க வேண்டிய இடத்தில் 4 என்று இருந்தால் கேபிளைக் கழற்றி, முனைகளைத் துடைத்து, மறுபடி செருகுங்கள். மாறாவிட்டால் அந்த ஸ்லாட்டுக்கு உண்மையில் எத்தனை லேன் என்று மதர்போர்டின் கையேட்டில் பாருங்கள்.